பிரிந்தவர்கள் மறுபடி சந்திக்கும் காதல் நாவல்கள்: கோடை வாசிப்புக்கான கேள்வி பதில்கள்

விடுமுறையில் படிக்க, மனசை ரொம்பவும் அழுத்தாத, அதேசமயம் படித்த மறுநாளே மறந்துபோகாத ஒரு காதல் கதை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது, ஒருமுறை பிரிந்தவர்கள் மறுபடி சந்திக்கும் கதையைத்தான். அப்படிக் கொடுக்கும்போது வழக்கமாக வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். சில நாவல்களின் கதைப்போக்கு வெளியே வந்துவிடும். அது பிடிக்காதவர்கள் எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்ற கேள்விக்கு நேரே போய்விடலாம்.

பழைய ஜோடியே சேர்ந்தால்தான் இந்த வகையா?

பெரும்பாலான வாசகர்கள் எதிர்பார்ப்பது அதைத்தான். இளமையில் காதலித்துப் பிரிந்தவர்கள், நிச்சயம் வரை வந்து முறிந்தவர்கள், விவாகரத்து ஆனவர்கள், சில வருடங்கள் கழித்து எதிரெதிரே வந்து நிற்பார்கள். துணையை இழந்த ஒருவர் புதிதாக வேறொருவரைக் காதலிக்கும் கதைகளையும் இதில் சேர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் மறுப்பு இல்லை, ஆனால் இரண்டின் ருசியும் வேறு. புதிய ஆளோடு தொடங்கும் கதையில் நாயகி தன் பயத்தோடு மட்டும் மல்லுக்கட்ட வேண்டும். பழைய ஆள் திரும்பி வரும் கதையில் அந்தப் பயத்துக்குக் காரணமானவரே எதிரில் நிற்கிறார். கோபம் வந்தால் அவர் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவார் என்பது வரை அவளுக்குத் தெரியும். நான் இங்கே பேசப்போவது பெரும்பாலும் இந்தக் கதைகளைப் பற்றி.

இது இப்போது வந்த ஃபேஷனா?

இல்லவே இல்லை. இந்த வகையின் முழு இலக்கணமும் ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ நாவலில் இருக்கிறது. ஆஸ்டின் 1817 ஜூலையில் இறந்தார். நாவல் அந்த வருடக் கடைசியில் வெளிவந்தது. 19 வயதில் ஆன் எலியட், கையில் காசில்லாத கடற்படை அதிகாரி வென்ட்வொர்த்தைக் காதலிக்கிறாள். நிச்சயமும் ஆகிறது. தாயின் இடத்தில் இருந்து தன்னைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண்மணியின் பேச்சைக் கேட்டு அதை முறித்துக்கொள்கிறாள். எட்டு வருடங்களுக்குப் பிறகு அவன் போரில் பணமும் பெயரும் சேர்த்துக்கொண்டு திரும்பி வருகிறான். இப்போது அவள் குடும்பம் கடனில் இருக்கிறது. ஒரே அறையில் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள், பேச்சு மட்டும் மற்றவர்களோடு நடக்கும்.

இந்த நாவலின் முடிவை ஆஸ்டின் முதலில் வேறு மாதிரி எழுதியிருந்தார். அந்த இரண்டு அத்தியாயங்களின் கையெழுத்துப் பிரதி இன்றும் இருக்கிறது. அதில் இருவரும் தனியாகச் சந்தித்து மனம் விட்டுப் பேசிச் சேர்ந்துவிடுகிறார்கள். ஆஸ்டினுக்கு அது திருப்தி தரவில்லை. மாற்றி எழுதினார். புதிய முடிவில், பெண்களின் காதல் எவ்வளவு காலம் நிலைக்கும் என்று ஆன் வேறொருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். அதே அறையில் எழுதிக்கொண்டிருக்கும் வென்ட்வொர்த் அதைக் கேட்கிறான். கேட்டுக்கொண்டே அவளுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகிறான். இன்று உலகம் கொண்டாடுவது இந்தக் கடிதத்தை. முதல் வரைவில் அது கிடையாது! பிரிந்தவர்கள் சேர வேண்டுமானால், அவள் உண்மையில் என்ன நினைக்கிறாள் என்பது அவன் காதில் விழ வேண்டும் என்று ஆஸ்டின் இரண்டாம் முறை உட்கார்ந்தபோது கண்டுபிடித்திருக்கிறார்.

அதற்கும் முன்னால் போனால் நமக்கு நளனும் தமயந்தியும் இருக்கிறார்கள். புகழேந்தியின் நளவெண்பா சுயம்வர காண்டம், கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம் என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. சேர்தல், பிரிதல், மறுபடி சேர்தல். இன்றைய நாவலாசிரியர்கள் போடும் அதே கட்டுமானம்தான். இதில் எனக்கு மிகவும் பிடித்தது தமயந்தியின் துணிச்சல். தூங்கிக்கொண்டிருந்தவளை நடுக்காட்டில் விட்டுவிட்டுப் போனவன் நளன். உருமாறி, வேறொரு மன்னனுக்குத் தேரோட்டியாக இருப்பவனை வரவழைக்க, தனக்கு இரண்டாம் சுயம்வரம் என்று செய்தி அனுப்புகிறாள். இரண்டாவது வாய்ப்பு தானாக வரட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை.

‘லைட்’ என்றால் மேலோட்டமா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். ஒரு நாவல் லைட்டாக இருப்பதற்குக் காரணம், அதில் துக்கமே இல்லாதது கிடையாது. இந்த வகையில் வரும் கதைகளில் சாவு உண்டு, வேலை போவது உண்டு, கருச்சிதைவு உண்டு. துக்கத்தை ஆசிரியர் எவ்வளவு நேரம் நம் தலையில் வைக்கிறார் என்பதில்தான் விஷயம். ஒரு கனமான அத்தியாயத்துக்கு அடுத்ததில் நாயகியின் தோழி வந்து வாயாடுவாள். சண்டையின் நடுவில் இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிடும். வாக்கியங்கள் சின்னதாக இருக்கும், உரையாடல் நிறைய இருக்கும், பக்கம் ஓடும்.

அப்புறம், முடிவுக்கு உத்தரவாதம் உண்டு. அமெரிக்காவில் 1980இல் தொடங்கிய ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இந்த வகைக்கு இரண்டே நிபந்தனைகள் சொன்னது. காதல் கதை மையத்தில் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்க வேண்டும். இது எழுதுவதைச் சுலபமாக்கும் என்று நினைக்க வேண்டாம். சிரிக்க வைத்துக்கொண்டே இருவரையும் மன்னிப்பு வரை கூட்டிப்போவது, அழ வைப்பதைவிடக் கடினமான வேலை.

முடிவு முன்பே தெரிந்த கதையில் என்ன சுவாரஸ்யம்?

சேருவார்கள் என்பது தெரியும். எதைச் சொல்லி, எதை விட்டுக்கொடுத்து, யார் முதலில் வாயைத் திறந்து என்பது தெரியாது. துப்பறியும் கதையிலும் கொலையாளி பிடிபடுவான் என்று தெரிந்துதானே படிக்கிறோம்.

கோடையில் படிக்க இந்த வகை ஏன் இவ்வளவு பொருந்துகிறது?

படிக்கிறவருக்கு நேரம் இருக்கிறது என்பது ஒரு காரணம். ஆனால் கதைக்குள்ளேயே கோடைக்கு ஒரு வேலை இருக்கிறது. பிரிந்த இருவரை ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்த ஆசிரியருக்கு ஒரு காரணம் தேவை. வேலை நாட்களில் அவரவர் ஊரில் அவரவர் இருப்பார்கள், எதிரே வரவே மாட்டார்கள். விடுமுறை வந்தால் பழைய ஊர், பழைய வீடு, பொதுவான நண்பர்களின் கல்யாணம் என்று ஏதோ ஒன்று இருவரையும் இழுத்துவரும். அந்த இடத்தில் மற்றவர்கள் இவர்களை இன்னும் பழைய ஆட்களாகவே நடத்துவார்கள். மறந்துவிட்டதாக நினைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வரும்.

இன்னொன்று, விடுமுறைக்குக் கடைசித் தேதி உண்டு. ஒரு வாரத்தில் கிளம்ப வேண்டும் என்றால், பத்து வருடமாகச் சொல்லாததை அந்த ஒரு வாரத்துக்குள் சொல்லியாக வேண்டும். கார்லி ஃபார்ச்சூன் 2022இல் எழுதிய முதல் நாவலான ‘எவ்ரி சம்மர் ஆஃப்டர்’ முழுக்க இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. கனடாவில் ஓர் ஏரிக்கரையில் ஆறு கோடைகள் கடந்த காலத்தில், ஒரே ஒரு வாரக் கடைசி நிகழ்காலத்தில். நாயகனின் அம்மாவுடைய இறுதிச் சடங்குக்காக நாயகி திரும்பி வருகிறாள்.

நல்ல நாவலை எப்படிக் கண்டுகொள்வது?

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: ஏன் பிரிந்தார்கள்? மொத்த நாவலும் இந்தப் பதிலின் மேல்தான் நிற்கிறது. அட்டை, விளம்பரம், எத்தனை பேர் பாராட்டினார்கள் என்பதெல்லாம் அப்புறம்.

மோசமான நாவலில் பிரிவு ஒரு தவறான புரிதலால் நடக்கும். யாரோ ஒருத்தி கையைப் பிடித்ததை நாயகி தூரத்திலிருந்து பார்த்துவிடுவாள். அல்லது ஒரு கடிதம் நடுவில் காணாமல் போயிருக்கும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் முடிந்திருக்கும் என்று நமக்கே தோன்றும். அப்படித் தோன்றிவிட்டால், முந்நூறு பக்கம் படித்து அவர்கள் சேரும்போது “இதற்கா இத்தனை வருடம்?” என்ற எரிச்சல்தான் மிஞ்சும்.

நல்ல நாவலில் பிரிவுக்குக் காரணம் அந்த இருவரின் குணத்திலேயே இருக்கும். ஆன் எலியட் பிறர் சொல்லுக்கு வளைந்துகொடுப்பவள். வென்ட்வொர்த்துக்கு ரோஷம் அதிகம், அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகு, நிலைமை மாறியும் ஒரு வரிகூட எழுதாமல் இருந்தவன். இருவரிடமும் தப்பு இருக்கிறது. எட்டு வருடத்தில் இருவரும் மாறியும் இருக்கிறார்கள். அதனால் சேரும்போது நமக்கு நம்பிக்கை வருகிறது.

காரணத்தை வெளியே தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சகுந்தலை கதையைப் பாருங்கள். மகாபாரதத்தில் வரும் துஷ்யந்தனுக்கு அவளை நன்றாக நினைவிருக்கிறது. சபையில் தெரியாதது போல நடிக்கிறான். காளிதாசன் நாடகமாக எழுதியபோது துர்வாசரின் சாபத்தையும் தொலைந்துபோன மோதிரத்தையும் கொண்டுவந்தார். மறந்தது சாபத்தால் என்றானதும் மன்னன் மேல் பழி குறைகிறது. நாடகமாக அது எவ்வளவு அழகு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த நாவல்களைப் படித்துப் பழகிய கண்ணுக்கு, மகாபாரதத்தில் சபை நடுவே நின்று அவனோடு வாதாடும் சகுந்தலைதான் நெருக்கமாகத் தெரிகிறாள். மன்னிப்பதற்கு அங்கே உண்மையான ஒரு தப்பு இருக்கிறது.

அடுத்ததாக, இடைப்பட்ட வருடங்களில் என்ன நடந்தது என்று பார்ப்பேன். பிரிந்த நாளில் கடிகாரம் நின்றுபோனதுபோல நாயகி அழுதுகொண்டே இருந்தால் எனக்கு ஒட்டாது. அவளுக்கு வேலை, நட்பு, வேறொரு காதல்கூட இருந்திருக்க வேண்டும். அவன் இல்லாமலும் வாழத் தெரிந்தவள் அவனைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் அந்தத் தேர்வுக்கு எடை.

துரோகம் செய்தவரை மன்னிக்கும் கதைகள் சரியா?

துரோகம், கோழைத்தனம், கைவிட்டுப் போனது, இவையெல்லாம் மன்னிப்புக்கு உட்பட்டவை. தப்பு செய்தவர் அதைத் தன் வாயால் சொல்ல வேண்டும், அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும், மன்னிக்கிறவருக்கு மறுக்கும் சுதந்திரமும் இருக்க வேண்டும். ஊரும் உறவும் சேர்ந்து “போனது போகட்டும், விட்டுக்கொடு” என்று நெருக்கி, அவள் தலையாட்டிவிட்டால் நான் அதை மன்னிப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை.

அடித்தவன், மிரட்டியவன், பலவந்தம் செய்தவன் கடைசி அத்தியாயத்தில் மலரோடு வந்து நின்றால் அதை இரண்டாவது வாய்ப்பு என்று என்னால் ஏற்க முடியாது. ‘ஆன்ட்டி ஹீரோ’ என்ற பெயரில் வரும் தொடர்களில் இது நிறைய நடக்கிறது. நாயகனுக்கு ஒரு சோகமான சிறுவயது ஃபிளாஷ்பேக் கொடுத்துவிட்டால் எல்லாம் கழிந்துவிடும் என்று எழுதுகிறார்கள். விவரம் அறியாத வயதில் இதைப் படிக்கும் ஒரு பெண் எதைக் காதல் என்று நினைத்துக்கொள்வாள் என்பது எனக்கு உண்மையான கவலை. அப்படிப்பட்ட கதை எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும் நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

ஃபிளாஷ்பேக் மாறி மாறி வருவது குழப்புகிறதே?

‘அன்று’, ‘இன்று’ என்று அத்தியாயம் விட்டு அத்தியாயம் காலம் மாறுவது இந்த வகையின் வழக்கமான உத்தி. பிரிந்த காரணத்தைக் கடைசிவரை ஒளித்துவைக்க அது உதவுகிறது. அத்தியாயத் தலைப்பில் போட்டிருக்கும் வருடத்தைப் படித்துவிட்டு உள்ளே போனால் பாதிக் குழப்பம் தீரும். ‘அன்று’ பகுதிகளை மட்டும் முதலில் படித்துவிடலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். இன்றைய காட்சியில் அவள் ஏன் அந்த ஒரு பேச்சுக்கு முகம் வாடினாள் என்பது அடுத்த ‘அன்று’ அத்தியாயத்தில் புரியும். அந்த வரிசை யோசித்துப் போட்டது.

அவனுக்குத் தெரியாமல் குழந்தை வளர்ப்பது பற்றி?

பிரிந்துபோனவனுக்கு ஒரு குழந்தை இருப்பதே தெரியாது, வருடங்கள் கழித்துத் தெரியவரும் கதை. இதற்கென்றே தனி வாசகர் கூட்டம் இருக்கிறது. எனக்கு இதில் பாதி சந்தோஷம்தான். மறைத்ததற்கு நல்ல காரணம் இல்லாவிட்டால் அவள்மேல் கோபம் வருகிறது, ரொம்ப நல்ல காரணம் இருந்தால் அவன் மன்னிக்கத் தகாதவனாகிறான். குழந்தை தனக்கென்று ஒரு மனசு உள்ள ஆளாக இருந்தால் படியுங்கள். அப்பா அம்மாவைச் சேர்த்துவைக்கும் கருவியாக மட்டும் வந்து மழலை பேசினால் விட்டுவிடலாம்.

நடுத்தர வயது, முதிய வயது ஜோடிகளுக்கு இதில் இடம் இருக்கிறதா?

இருக்கிறது, இன்னும் நிறைய வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இழப்பதற்கும் பயப்படுவதற்கும் அவர்களிடம்தான் அதிகம் இருக்கிறது. பெரிய இலக்கியத்தில் பிரபலமான உதாரணம் காப்ரியல் கார்சியா மார்க்கேஸ் 1985இல் எழுதிய ‘காலரா காலத்தில் காதல்’. அதில் நாயகன் ஃப்ளோரென்டினோ அரிஸா தன் இளமைக் காதலிக்காகக் காத்திருந்தது 51 வருடம், 9 மாதம், 4 நாள். லைட்டான நாவல் என்று அதைச் சொல்ல முடியாது. அந்த நாயகனின் சில செயல்கள் மனசை உறுத்தும். விடுமுறையின் சோம்பலில் எடுக்க வேண்டாம், நிதானமான ஒரு காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

உங்களுக்கு எது ஒத்துவரும் என்பதைப் பொறுத்தது.

சிரிப்பும் நண்பர் கூட்டமும் வேண்டுமென்றால் எமிலி ஹென்றியின் ‘ஹேப்பி ப்ளேஸ்’, 2023இல் வந்தது. ஹாரியட்டும் வின்னும் பிரிந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது, நண்பர்களிடம் சொல்லவில்லை. வருடா வருடம் எல்லோரும் கூடும் கடலோர வீடு விற்பனைக்கு வந்துவிட்டது. கடைசியாக ஒரு வாரம் அங்கே, ஒரே அறையில், இன்னும் காதலர்களாக நடிக்க வேண்டும். படிக்கப் படிக்க அது இருவரின் கதையாக மட்டும் இல்லாமல் ஒரு நண்பர் கூட்டம் மெல்லக் கலைவதன் கதையாகவும் ஆகிறது.

இன்னும் கொஞ்சம் ஆழம் தாங்கும் என்றால் டியா வில்லியம்ஸின் ‘செவன் டேஸ் இன் ஜூன்’, 2021. இருவரும் எழுத்தாளர்கள். பதின்ம வயதில் ஒன்றாகக் கழித்த ஏழு நாட்களை, பதினைந்து வருடமாகத் தங்கள் புத்தகங்களுக்குள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நாயகிக்குத் தீராத தலைவலி நோய், பன்னிரண்டு வயது மகள், புத்திசாலித்தனமான வாய். போதைப் பழக்கமும் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதும் வரும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

பழைய ஆங்கிலத்துக்குப் பயமில்லை என்றால் ‘பெர்சுவேஷன்’. ஆஸ்டின் எழுதி முடித்த நாவல்களில் சிறியவற்றுள் ஒன்று. முதல் சில அத்தியாயங்களில் குடும்பக் கணக்குவழக்காகவே போகும், வென்ட்வொர்த் வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது, வேறு பெயர்களில் இருக்கிறது. குடும்ப நாவல் என்றும் மாத நாவல் என்றும் வந்தவற்றில், கல்யாணத்துக்குப் பிறகு பிரிந்து மறுபடி சேரும் ஜோடிகள் ஏராளம். ரமணிசந்திரனைப் படித்து வளர்ந்த வாசகர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்று இணையத்தில் தொடராக எழுதும் பெண்கள் அந்த வழியில் வந்தவர்கள்தான். விவாகரத்தான பெண்ணை இரக்கத்துக்குரியவளாகக் காட்டாமல் நாயகியாக நிறுத்தும் கதைகள் அவர்களிடமிருந்துதான் அதிகம் வருகின்றன.

வளர்ந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கார்ட்டூன் போன்ற வண்ண அட்டைக்குள் மிக வெளிப்படையான படுக்கையறைக் காட்சிகள் இருக்கலாம். மேலே சொன்ன மூன்று புதிய ஆங்கில நாவல்களும் பெரியவர்களுக்கானவை. ஆஸ்டினை எந்தத் தயக்கமும் இல்லாமல் கொடுக்கலாம்.

ஒரு நாவலுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

பெரும்பாலானவை 300 முதல் 400 பக்கம். விடுமுறையில் இரண்டு மூன்று நாள் போதும். மில்ஸ் அண்ட் பூன் போன்ற தொடர் வரிசைக் காதல் நாவல்கள் ஏறக்குறைய 50,000 வார்த்தைகளுக்குள் முடிந்துவிடும், ஒரு நீண்ட ரயில் பயணத்துக்குச் சரியாக இருக்கும்.

இந்தக் கதைகளைப் படித்தால் என் பழைய காதல் நினைவுக்கு வந்து வலிக்கிறது. என்ன செய்வது?

வலிக்கிறது என்றால் கொஞ்ச நாள் தள்ளிவைத்துவிடுங்கள். புத்தகம் எங்கும் போகாது. காயம் புதிதாக இருக்கும்போது இதைப் படித்தால், நாவலில் அவன் வந்ததுபோல இவரும் வருவார் என்று மனசு கணக்குப் போட ஆரம்பிக்கும். நாவலில் இரண்டு பேரையும் ஒருவரே எழுதுகிறார், இருவரும் ஒரே நேரத்தில் பக்குவப்படுவதற்கு அவர் ஏற்பாடு செய்கிறார். வாழ்க்கையில் ஒருவர் மாறியிருப்பார், மற்றவர் அப்படியே இருப்பார்.

அந்தக் கட்டத்தைத் தாண்டிய பிறகு இதே கதைகள் வேறு மாதிரி உதவும். மன்னிப்பு கேட்பது எப்படி இருக்கும், அரைகுறை மன்னிப்பு எப்படி இருக்கும் என்ற வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். துணையை இழந்தவர்கள், மணமுறிவுக்குப் பிறகு தனியாக இருப்பவர்கள் இந்த நாவல்களைத் தேடிப் படிப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அவர்களை யாரும் “இந்த வயதில் இதெல்லாம் தேவையா” என்று கேட்காதீர்கள்.

இணையத் தொடரை வாரா வாரம் படிப்பதா, முடிந்த பிறகு மொத்தமாகப் படிப்பதா?

மற்ற வகைகளை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். இந்த வகையை மட்டும் முடிந்த பிறகு படியுங்கள். பிரிந்த காரணம் தெரியவரும் அத்தியாயத்துக்கும் மன்னிப்புக் கேட்கும் அத்தியாயத்துக்கும் நடுவில் ஒரு மாதம் காத்திருந்தால், நாயகன் மேல் வந்த கோபம் ஊறி, அவர் எதைச் சொன்னாலும் எடுபடாமல் போய்விடும். பின்னூட்டத்தில் எல்லோரும் அவனைத் திட்டித் தீர்க்க, எழுதுகிறவர் பயந்துபோய்க் கதையின் போக்கையே மாற்றிவிடும் ஆபத்தும் உண்டு. முடிந்துவிட்டது என்று ஆசிரியர் அறிவித்த தொடரை எடுத்து, ஒரே மூச்சில் இல்லாவிட்டாலும் ஒரே வாரத்தில் முடித்துவிடுங்கள்.